புதுசா, ஓடுகிற வகையா? கேம் செய்த எங்கள் கணக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் நானும் மச்சானும் ஒரு கணினி கேம் செய்ய உட்கார்ந்தபோது இரண்டு வழி இருந்தது. ஏற்கனவே விற்கிற வகையில் இன்னொன்று செய்யலாம், இல்லையென்றால் மச்சான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த, உறுமி மேளத் தாளத்தைத் தட்டிக் கதவு திறக்கிற புதிர் கேம். உறுமியைத்தான் எடுத்தோம், இன்று கேட்டாலும் அதையே எடுப்பேன்.

ஓடுகிற வகையின் வசதி எல்லோருக்கும் தெரியும். பாகம் பாகமாக வருகிற ஜிடிஏ கேம் மாதிரி பெயர் இருந்தால் அடுத்த பாகம் விற்றுவிடும். அந்தப் பெயர் நம்மிடம் இல்லையே. 2024-ல் சோனி விட்ட கான்கார்டைப் பாருங்கள், அதே வகைச் சுடும் கேம்கள் இலவசமாகவே கிடைக்கிறபோது 40 டாலருக்கு வந்தது, இரண்டே வாரத்தில் நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சரி, புதுசாக இருந்தாலே ஜெயிக்குமா? இல்லை. தூரிகையால் வரைந்தே உலகை மாற்றுகிற ஒகாமி 2006-ல் வந்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சுமார்தான், செய்த க்ளோவர் ஸ்டுடியோவை மறு வருடமே மூடிவிட்டார்கள்.

எனக்கு எல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. எத்தனை பேர் வாங்கினால் போட்ட காசு திரும்பும்? எங்களுக்கு ஒன்றரை வருடத்தில் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 90,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). விலை 30 வெள்ளி, கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீம் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டால் கையில் 21, ஆக ஏறக்குறைய 4,300 பேர் போதும். உலகம் முழுக்கத் தேடினால் அத்தனை பேர் கிடைப்பார்கள். இதே யோசனையை நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஸ்டுடியோ எடுத்தால் வேண்டாம் என்பேன், லட்சக்கணக்கில் விற்றாக வேண்டும், அத்தனை பேருக்கும் பிடிக்கட்டும் என்று திருத்தித் திருத்தியே உறுமி காணாமல் போய்விடும். போக்கர் சீட்டை வைத்துப் புதிதாகப் பின்னிய பலாட்ரோ பெரும்பாலும் ஒரே ஆள் செய்தது, 2024 பிப்ரவரியில் வந்து ஒரு மாதத்துக்குள் 10 லட்சம் விற்றது. செலவு சிறிதாக இருந்தால் அதில் நூறில் ஒரு பங்கு விற்றாலே பிழைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசி கேம்களை நாங்கள் செய்ததில்லை, அங்கே இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே காசு பார்ப்பார்கள், இந்தக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

தீபாவளிக்கு வெளியிட்டோம், இதுவரை 3,100. பாதி விலைத் தள்ளுபடியில் போனவையும் இதில் இருப்பதால் 4,300 போதாது, இன்னும் கொஞ்சம் ஏறும். போன தைப்பூசத்தில் பத்துமலையில் பதிவு செய்த இரண்டு தாளங்களை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.