ஃப்ளாஷருக்குப் பின்னால் ஹூச்சியா, ஸ்பூனா, நெத்திலியா?

கனடாவின் மேற்குக் கரையில் ஜார்ஜியா நீரிணையில் சினூக் சால்மனைத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர், தண்ணீருக்குள் சுற்றி மின்னி மீனைக் கூப்பிடும் தகடான ஒரு 11 அங்குல ஃப்ளாஷரைத் தண்ணீருக்குள் இறக்காமல் இருக்க மாட்டார்கள். சண்டையெல்லாம் அதற்குப் பின்னால் என்ன கட்டுவது என்பதில்தான். பிளாஸ்டிக் பாவாடை கட்டிய ஹூச்சியா, உலோகத் தகடான ஸ்பூனா, நிஜ நெத்திலி மீனா? மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு நான் ஸ்பூன் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதில் மீன் அதிகம் மாட்டுகிறது என்பதற்காக இல்லை. நல்ல நாளில் மூன்றுமே அடிக்கும். என்னை முடிவெடுக்க வைத்தது லீடர், அதாவது ஃப்ளாஷரையும் இரையையும் இணைக்கும் தங்கூசி.

நிறத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. பச்சை, வெள்ளை, ஆழத்தில் ஒளிரும் ரகம் என்று ஹூச்சி, ஸ்பூன், நெத்திலியின் தலையில் மாட்டும் உறை மூன்றிலும் எல்லாம் கிடைக்கும். படகு இரையை இழுக்கும் வேகம் தண்ணீருக்குள் 2 முதல் 3 நாட் (மணிக்குக் கடல் மைல்). எதிர்முள் இல்லாத ஹூக் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலில் சால்மனுக்குச் சட்டம். இதெல்லாம் மூன்றுக்கும் பொது.

ஃப்ளாஷர் முழு வட்டம் அடிக்க வேண்டும். கிட்டத்தட்ட இதே உருவத்தில் வரும் டாட்ஜர் இடவலமாக மட்டும் ஆடும். அது மெதுவான ஓட்டத்துக்கு. ஃப்ளாஷர் சுற்றும்போது அதன் வால்முனை லீடரை வெட்டி வெட்டி இழுக்கும். அந்த வெட்டில் எவ்வளவு இரைவரைக்கும் போய்ச் சேர வேண்டும்? லீடரின் நீளம், தடிமன் இரண்டும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. லீடர் குட்டையாகவும் தடித்தும் இருந்தால் வெட்டு முழுசாகப் போகும். நீளமாகவும் மெலிந்தும் இருந்தால் வழியிலேயே தணிந்துவிடும்.

ஹூச்சிக்கென்று சொந்த ஆட்டம் எதுவும் கிடையாது. ஃப்ளாஷர் இல்லாமல் படகோரம் இழுத்துப் பாருங்கள், ஈரத்துணி மாதிரி நேராக வரும். அது கணவாயாக உயிர் பெறுவது ஃப்ளாஷர் தரும் வெட்டால்தான். அதனால் 40, 50 பவுண்ட் தாங்கும் விறைப்பான தங்கூசி வேண்டும். நீளமும் கச்சிதமாக இருக்க வேண்டும். சினூக்குக்கு 36 முதல் 42 அங்குலம், கோஹோ சால்மனுக்கு 30 அங்குலத்தை ஒட்டி, சாக்கை சால்மனுக்கு இன்னும் குறைத்து 24 வாக்கில். ஆளுக்கு ஆள் கணக்கு ஒன்றிரண்டு அங்குலம் மாறும். ஆனால் மீனுக்கு மீன் அளவு வேறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஸ்பூன் வேறு ஜாதி. அதன் வளைவே அதை ஆட்டிவிடும். ஃப்ளாஷர் அங்கே தூரத்திலிருந்து மீனைக் கூப்பிடும் வேலையைத்தான் பெரும்பாலும் செய்கிறது. அதனால் லீடர் 5 முதல் 6 அடி, தங்கூசி 25 அல்லது 30 பவுண்ட் போதும். 50 பவுண்ட் போட்டால் மெல்லிய ஸ்பூனின் ஆட்டம் செத்துவிடும். ஸ்பூனின் வளையத்தில் இறுக்கி முடிச்சுப் போடாமல், திறந்து மூடும் சிறிய ஸ்னாப் வைத்தால் தகடு தாராளமாகத் துள்ளும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீடர் தேயும். நாய்ச்சுறா ஒன்று மாட்டினால் போதும், அதன் உப்புத்தாள் தோலும் பல்லும் ஹூக்குக்கு மேலே அரை அடியைப் பாழாக்கிவிடும். கெல்ப் பாசியில் சிக்கினாலும், நல்ல மீன் ஒன்று உருண்டு புரண்டாலும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாது, லீடரைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருவினால் ஓர் இடத்தில் சொரசொரவென்று தட்டும். அந்த இடத்தோடு வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிச்சோடு சேர்த்து மூன்று, நான்கு அங்குலமாவது போகும்.

கோஹோவுக்கென்று 30 அங்குலத்தில் கட்டிய ஹூச்சி லீடரை இரண்டு முறை வெட்டிக் கட்டினால் 23 அங்குலம் ஆகிவிடும். அது சாக்கை அளவு. ஹூச்சி இப்போது இரண்டு மடங்கு வெறியோடு குதிக்கும். நீங்கள் காலையில் இறக்கிய இரை அது இல்லை. ஸ்பூன் லீடரை 66 அங்குலத்தில் தொடங்கி அதே இரண்டு வெட்டு வெட்டினால் 59 வரும். அதற்குப் பிறகும் ஸ்பூன் அப்படியேதான் ஆடும், ஏனென்றால் அதன் ஆட்டம் லீடரை நம்பி இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஹூச்சி லீடர் என்பது வெறும் தங்கூசி இல்லை, ஒரு கோர்வை. ஹூக்கைக் கட்டி, அது பாவாடையின் ஓரத்துக்குச் சரியாக வந்து நிற்கும்படி மணிகளை எண்ணிக் கோத்து, உள்ளே மினுக்குத் தாளைச் செருகி, மேலே பாவாடையை இழுத்துவிட வேண்டும். ஹூக் பக்கம் சேதமானால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து கோக்க வேண்டும். ஜனவரியில் ஹவ் சவுண்ட் என்ற கடல் இடுக்கில் குளிர்கால சினூக்குக்குப் போயிருக்கும்போது, விறைத்த விரலோடு மணி கோப்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்பூனுக்கு ஒரு வெட்டு, ஒரு முடிச்சு, ஸ்னாப்பை மாட்டினால் முடிந்தது.

முதல் நாள் ராத்திரியே ஒரு டஜன் லீடர் கட்டிச் சுருட்டி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சரிதான், ஹூச்சிக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒரு சுகமும் இருக்கிறது. ஆனால் சினூக்கா கோஹோவா என்று முதல் மீன் வரும்வரை தெரியாத நாளில் எந்த அளவைக் கட்டி வைப்பது? ஸ்பூனுக்கு அந்தக் கவலையே இல்லை. கோஹோ கில்லர் என்று பெயர் வைத்த ஒல்லி ஸ்பூனைச் சினூக்குக்காரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். சாண்ட் லேன்ஸ் என்ற ஒல்லி மீனை சினூக் தின்று கொழுக்கும் இடங்களில் அந்த உருவம் நன்றாக எடுபடும். ஹெர்ரிங் குஞ்சு இருக்கும் இடத்தில் கொஞ்சம் அகலமான ஸ்பூன்.

ஸ்பூனுக்குக் குறையும் உண்டு. ஆறடி லீடர் என்றால், ஃப்ளாஷர் கம்பின் நுனிக்கு வந்துவிட்ட பிறகும் மீன் ஆறடி தள்ளித்தான் நிற்கும். பத்தரை அடிக் கம்பைத் தூக்கிப் பிடித்து ஒருவர் பின்னால் நகர, இன்னொருவர் நீளப் பிடி வலையோடு குனிய வேண்டும். தனியாகப் போகிறவருக்கு ஹூச்சியின் குட்டை லீடர் பெரிய நிம்மதி. அப்புறம், மெல்லிய தகடு வேகம் கூடினால் ஆடுவதை விட்டுச் சுழல ஆரம்பித்துவிடும். இறக்குவதற்கு முன் படகோரம் ஒரு நிமிஷம் இழுத்துப் பார்ப்பதும், ஃப்ளாஷரின் இரு முனையிலும் சுழலும் இணைப்பான பால்பேரிங் ஸ்விவல் போடுவதும் இதற்காகத்தான். சாதா ஸ்விவல் பாரத்தில் இறுகிவிடும். லீடர் முறுக்கேறிச் சுருண்டு வரும்.

நெத்திலியைப் பற்றி. மீனின் தலையில் மாட்டும் டீசர் ஹெட், உள்ளே வளைத்துவிட ஒரு செப்புக் கம்பி, ஐந்தரை முதல் ஆறரை அடி லீடர். உருளும் விதம் சரியாக அமைந்துவிட்டால் ஆகஸ்டில் ஃப்ரேசர் ஆற்று முகத்தில், சாண்ட் ஹெட்ஸ் பக்கம், இதற்கு இணை இல்லை என்று பழையவர்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். வாசனை என்ற ஒன்றை ஸ்பூன் தராது. ஆனால் குட்டி மீன் ஒன்று கடித்து இழுத்தால் நெத்திலி கிழியும், உருளாது, மேலே எடுத்துப் பார்க்கும்வரை அது உங்களுக்குத் தெரியாது. இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். 2019 முதல் ஃப்ரேசர் சினூக்கைக் காப்பாற்றப் பல கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. கோஹோவிலும் பல பகுதிகளில், வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பை அடையாளத்துக்காக வெட்டிய பொரிப்பக மீனை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம். விட வேண்டிய மீன் நிறைய. நிஜ இரையை மீன் ஆழமாக விழுங்கும். ஸ்பூனின் ஒற்றை ஹூக் பெரும்பாலும் உதட்டோரத்தில் நிற்கும். மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலேயே குறடால் ஒரு திருப்பு திருப்பி விட்டுவிடலாம்.

மீன் உருவச் செயற்கை இரையான ப்ளக்கை நான் அதிகம் போட்டதில்லை. அதைப் பெரும்பாலும் ஃப்ளாஷர் இல்லாமல் இழுப்பார்கள், இல்லையென்றால் பின்னால் இரை கட்டாத டம்மி ஃப்ளாஷரை, இரையை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர் குண்டோடு கட்டிவிட்டு இரையைத் தனியாக விடுவார்கள். மீனோடு சண்டை போடும்போது ஃப்ளாஷரின் பாரம் கம்பில் இல்லாதது அருமையாக இருக்கும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல என் அனுபவம் போதாது. ஒன்டாரியோ ஏரியில் ஃப்ளாஷருக்குப் பின்னால் இழைகளால் கட்டிய ஃப்ளை என்ற செயற்கை இரையைக் கட்டுகிறார்கள். லீடர் கணக்கு ஹூச்சிக்கு நெருக்கமாகத் தெரிகிறது, ஆனால் நான் அங்கே மீன் பிடித்ததில்லை.

சாக்கை மட்டும் தனிக்கதை. நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஆடம்ஸ் ஆற்றுக் கூட்டம் திரளாக வரும்: 2010, 2014, 2018, 2022. அந்த வருஷம் மீன்பிடிப்பைத் திறந்துவிட்டால், படகை மெதுவாக்கி, கூடுதலாக டம்மி ஃப்ளாஷர்களைத் தொங்கவிட்டு, சின்ன இளஞ்சிவப்பு ஹூச்சியைக் குட்டை லீடரில் கட்டுவதுதான் வழி. ஸ்பூனை அன்று பெட்டியிலேயே விட்டுவிடுவேன். கரையிலேயே லீடர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அளவில், நிறைய.