வசூல் ஏஜென்சிக்கு ஒரு நட்சத்திரம், கோர்ட் கவுண்டருக்கு ஐந்து

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பிளவுஸ், பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை. வழக்கமாக நட்சத்திரம் எனக்குத்தான் விழும். "கை கொஞ்சம் டைட்டு" என்று எழுதிவிட்டு மூன்று போடுவார்கள். இந்தத் தடவை போடும் இடத்தில் நான் இருக்கிறேன். ஒரு கடன் வசூல் ஏஜென்சியின் 'சேவை' என் கடை தேடி வந்தது. அதிலிருந்து மீள, இரண்டு அரசாங்கக் கவுண்டர்களைத் தேடி நான் ஈப்போ போனேன். ஏஜென்சியின் பெயரை எழுதப் போவதில்லை. எனக்கு வந்த மாதிரிக் கடிதம் வேறு பெயரில் உங்களுக்கும் வரலாம்.

2024 அக்டோபர், தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மேசையில் நாற்பது பிளவுஸ், பாதிக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய பையன் ஒருவன் உள்ளே வந்தான், முப்பது வயதிருக்கும். ஏதோ பெண் வீட்டார் அளவு ஜாக்கெட் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் நேராக ஓவர்லாக் மிஷினிடம் போய்க் குனிந்தான். தகட்டின் மேல் படிந்திருந்த எண்ணெயையும் நூல் தூசியையும் கட்டைவிரலால் துடைத்து, நம்பரைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"அக்கா, வியாழக்கிழமை லோரி வரும். இதையெல்லாம் ஏத்திருவோம். இன்னிக்குப் பாதி கட்டினீங்கன்னா ஆபீஸ்ல நான் பேசிப் பாக்குறேன்."

கையில் கொடுத்த கடிதத்தில் மூன்று வார்த்தைகள் மட்டும் தடித்த சிவப்பு எழுத்தில் இருந்தன: சீத்தா, மஹ்கமா, முஃப்லிஸ். பறிமுதல், கோர்ட், திவால். மற்றதெல்லாம் எறும்பு எழுத்து. எறும்பு எழுத்தில்தான் விஷயமே இருந்தது. 2016-ல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என் பேரில் தீர்ப்பாகியிருக்கிறதாம். கடன் என்னுடையது இல்லை, தம்பியின் தவணை மோட்டார். 2012-ல் ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவன் ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டினான். அப்புறம் வேலை போயிற்று, மோட்டாரை இழுத்துப் போனார்கள், ஏலம் விட்டார்கள். "எல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா" என்று அவன் சொன்னதை நம்பி நானும் மறந்துவிட்டேன். ஏலத்தில் போன விலைக்கும் பாக்கிக் கடனுக்கும் நடுவில் துண்டு விழுந்த தொகைதான் எட்டு வருடம் கழித்து என் மேல் வந்து விழுந்தது.

கணக்கை அப்படியே தருகிறேன், இந்த விமர்சனமே அதற்காகத்தான். அசல் 4,860 வெள்ளி, அதாவது ரிங்கிட். வட்டி 4,310. வழக்கறிஞர் கட்டணம் 1,800. வசூல் கமிஷன் 1,215. நேரில் வந்து பார்த்ததற்கு நாலு தடவை, தடவைக்கு 250 வீதம் 1,000. நிர்வாகக் கட்டணம் 480. எல்லாவற்றுக்கும் மேலே 'பறிமுதல் ரத்துக் கட்டணம்' 650. இன்னும் பறிமுதலே நடக்கவில்லை, அதற்குள் ரத்து செய்யக் கூலி. மொத்தம் 14,315 வெள்ளி. நாலு தடவை வந்தார்களாம். கடை ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் திறந்திருக்கிறது. நான் பார்த்தது இந்த ஒரு பையனைத்தான். பணத்தைப் போடச் சொன்ன பேங்க் கணக்கோ கம்பெனி பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது.

அன்றைக்கே 2,000 கட்டியிருப்பேன். கூட்டுச் சீட்டுப் பணம் கையில் இருந்தது. பக்கத்துக் கடைக்குச் சொந்தக்காரர், முன்னாள் தோட்டத்துக் கிராணி (கணக்கு எழுதுபவர்), தற்செயலாக வந்தார். சம்பளப் பட்டியலில் ஐந்து காசு கூடக் குறைய விடாத மனிதர். கடிதத்தைக் கண்ணாடி போடாமலே படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதுல வழக்கு நம்பர் போட்டிருக்கான் பாரு. கோர்ட்டுல ஃபைல் இருக்கும். கடிதாசிய நம்பாத தாயி, ஃபைலைப் போயிப் பாரு."

மறுநாள் ஈப்போ பஸ் ஏறினேன். கோர்ட் என்றாலே வயிற்றைக் கலக்கும் ஆள் நான். கவுண்டரில் வழக்கு நம்பரையும் அடையாள அட்டையையும் (ஐ.சி.) கொடுத்து 'சாரியான் ஃபைல்' வேண்டும் என்று சொன்னால் போதும், அதாவது ஃபைலைத் தேடிப் பார்ப்பது. கட்டணம் ஒன்றும் பெரிதில்லை, போகவர எனக்கான செலவே அதிகம். வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது, ஃபைலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுண்டரில் இருந்த பெண் நான் பயந்திருப்பதைப் பார்த்து, எந்தத் தாளை முதலில் படிக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். ஐந்து நட்சத்திரமும் அந்த விரலுக்கு.

ஃபைலில் இருந்த தீர்ப்பு ஒரே பக்கம். 4,860 வெள்ளி, தீர்ப்புத் தேதியிலிருந்து வருடத்துக்கு 5 சதவீத வட்டி, கோஸ், அதாவது வழக்குச் செலவு, 391 வெள்ளி. அவ்வளவுதான். கமிஷன் இல்லை, நேரில் வந்த கூலி இல்லை, 650 இல்லை. இந்த 5 சதவீதம் எனக்காகப் போட்ட சலுகை இல்லை. 2012 ஆகஸ்ட் முதல் தீர்ப்புக் கடனுக்கு அதுதான் வீதம்.

சரி, எனக்குத் தெரியாமல் எப்படித் தீர்ப்பானது? அதற்குப் பதிலும் அதே ஃபைலில் இருந்தது. சம்மன் கொண்டுவந்த ஆள் இரண்டு தடவை வந்தும் என்னைப் பார்க்க முடியவில்லை என்று சத்தியப் பத்திரம் எழுதியிருக்கிறார். அதை வைத்து 'பென்யம்பாயான் கந்தி'க்கு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். நேரில் கொடுக்க முடியாதபோது வீட்டுக் கதவில் ஒட்டினால் போதும் என்கிற ஏற்பாடு அது. ஒட்டியதற்குச் சாட்சியாக ஒரு போட்டோ.

அந்தப் போட்டோவை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து (வரிசை வீட்டு) கதவு. பச்சைப் பெயிண்ட் உரிந்து, மேல் சட்டத்தில் அம்மா வைத்த மூன்று குங்குமப் பொட்டு மட்டும் மங்காமல் இருக்கிறது. நடுக் கதவில் செலோடேப் போட்டுச் சம்மன். படி தெரியாத அளவுக்கு லாலாங் புல். போட்டோவின் மேல் ஓரத்தில் கூரைத் தகரம் இல்லை, அந்த இடத்தில் வானம் தெரிகிறது. 2014-லேயே தோட்டத்தை விற்று எங்களைக் கிளப்பிவிட்டார்கள். தோட்டத்தில் கடிதம் எல்லாம் ஆபீசுக்கு வரும், ஆபீசிலிருந்து லயத்துக்கு வரும். ஆபீஸே போனபிறகு யார் கொண்டுவந்து கொடுப்பது? கூரை இல்லாத வீட்டில் ஆள் இல்லை என்று எழுத இரண்டு தடவை வரவேண்டுமா என்ன? ஆனால் ஐ.சி.யில் 2017 வரை பழைய முகவரியையே வைத்திருந்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து நகல் கேட்டேன்.

அங்கிருந்து சட்ட உதவித் துறை, மலாயில் ஜபாத்தான் பந்துவான் குவாமான். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கு நடத்தித் தருகிற அரசாங்க அலுவலகம். சட்ட ஆலோசனை கேட்டும் போகலாம். எனக்குக் கிடைத்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். காக், காக் (அக்கா) என்றுதான் கூப்பிட்டார். கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். என் அம்மா கீரை ஆய்கிற மாதிரி இருந்தது.

முதலில் 'முஃப்லிஸ்' போயிற்று. திவால் வழக்குப் போடக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும், 2020-லிருந்து. அதோடு, லாபத்துக்காக இல்லாமல் ஒருவருடைய சொந்த உபயோக வாகனத்துக்கு ஜாமீன் போட்டவரை 'பெஞ்சாமின் சோசியல்' என்கிறார்கள். அந்த மாதிரி ஜாமீன்தாரரைத் திவாலாக்க 2017-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் முடியாது. அடுத்து 'சீத்தா'. பொருளை எடுக்க வருகிறவர் கோர்ட்டின் பெலிஃப், கையில் ரிட் என்கிற கோர்ட் உத்தரவோடு வருவார். ஏஜென்சி ஆளுக்கு என் கடையில் ஒரு ஊசியைத் தொடக்கூட அதிகாரம் கிடையாது. தீர்ப்பாகி ஆறு வருடம் தாண்டிவிட்டால் அந்த ரிட் வாங்குவதற்கே முதலில் கோர்ட்டின் அனுமதி வேண்டும். என் தீர்ப்பு 2016 மார்ச். ஃபைலில் அப்படி அனுமதி கேட்ட தாள் எதுவும் இல்லை. ஆக, வியாழக்கிழமை லோரி எங்கிருந்து வரும்?

வட்டியிலும் பென்சில் விழுந்தது. தீர்ப்புக்குப் 12 வருடம் உயிர் உண்டு, ஆனால் வட்டிப் பாக்கியை ஆறு வருடத்துக்கு மேல் பின்னால் போய்க் கேட்க முடியாது. 4,860-க்கு வருடத்துக்கு 243, ஆறு வருடத்துக்கு 1,458. ஏஜென்சி போட்டது 4,310. சட்டப்படி என்னிடம் கேட்கக்கூடியது அசல், வட்டி, கோஸ் சேர்த்து 6,709 வெள்ளி. 14,315-ல் பாதிகூட இல்லை.

தீர்ப்பையே ரத்து செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. தீர்ப்பு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும், சத்தியப் பத்திரத்தோடு. அந்தக் கூரையில்லாத போட்டோ எனக்கு உதவும், ஆனால் சம்மன் கிடைக்கவில்லை என்பதோடு நிற்காமல் கடனே இல்லை என்பதற்கும் ஏதாவது காட்டினால்தான் பலம் என்றார் அதிகாரி. அங்கேதான் நான் யோசித்தேன். கையெழுத்து என்னுடையது. தம்பி கட்டவில்லை என்பதும் உண்மை. 4,860-ஐ நான் எதிர்க்கவில்லை, மற்ற வரிகளைத்தான் எதிர்த்தேன். அதனால் மனுவுக்கு வேண்டியதைத் தயாராக வைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பது என்று முடிவானது. உங்கள் கதை வேறாக இருந்தால் முடிவும் வேறாக இருக்கலாம், ஆனால் அந்த 30 நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏஜென்சியிடம் நான் திரும்பப் பேசவில்லை. கடன் கொடுத்த கம்பெனிக்கே நேராக எழுதினேன்: எந்தக் கட்டணம் எந்த உத்தரவின்படி என்று வரி வரியாகக் காட்டுங்கள். பத்து நாளில் பதில் வந்தது. கமிஷன், நேரில் வந்த கூலி, நிர்வாகம், ரத்துக் கட்டணம் எதைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை, அவை பிறக்கவே இல்லாத மாதிரி. போட்டோவைப் பற்றி நான் எழுதியிருந்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன், வட்டியையும் விட்டுக்கொடுத்தார்கள். 4,860-உம் 391-உம், ஆக 5,251. முதலில் 1,251, அப்புறம் மாதம் 500 வீதம் எட்டு மாதம். எல்லாம் எழுத்தில், கம்பெனிக் கணக்குக்கு மட்டும். முடிந்ததும் 'கடன் தீர்ந்தது' என்ற கடிதம் தர வேண்டும், யாருக்கு என்ன கடன் பாக்கி என்று பதிந்துவைக்கிற சிடிஒஎஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுத வைத்தேன். இதை விட்டால் அடுத்த தடவை மிஷின் வாங்கக் கடன் கேட்கும்போது பழைய வழக்கு பல்லைக் காட்டும். இடையில், 1,500 வெள்ளிக்கு சிடிஒஎஸ் பெயரைத் 'துடைத்து'த் தருவதாக வாட்சாப்பில் ஒருவர் வந்தார். பதில்கூடப் போடவில்லை.

அந்த வியாழக்கிழமை லோரி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. எதிர்க் கடைக்கு அரிசி இறக்கிவிட்டுப் போயிற்று. எனக்குக் கொஞ்ச நேரம் கை நடுங்கி, ஒரு ஜாக்கெட்டின் கழுத்தைப் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கழுத்தையும் ஏஜென்சி கணக்கில் சேர்த்துத்தான் ஒரு நட்சத்திரம் போடுகிறேன். அதுகூட, நம்பரை எழுதும் சாக்கில் என் மிஷின் தகட்டைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்ததற்கு.

சட்ட உதவி அலுவலகத்துக்கும் ஐந்து. காலையிலேயே போங்கள், வந்த கடிதத்தை உறையோடு கொண்டுபோங்கள். உறையில் உள்ள தேதி முத்திரையும் வேலைக்கு ஆகும். தமிழில் பேச ஆள் கிடைக்குமா என்று யோசிக்க வேண்டாம், கடைத்தெருவில் பேசுகிற நம் பசார் மலாய் போதும். எனக்குப் போதுமானதாக இருந்தது.

2025 ஜூலையில் கடைசித் தவணை கட்டினேன், கடிதம் வந்தது. லயத்துக் கதவுப் போட்டோவின் நகலை அம்மா வாங்கிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார், சம்மனும் செலோடேப்பும் தெரியத் தெரிய. வீட்டின் படம் வேறு எங்களிடம் இல்லை. தம்பி எனக்கு மாதம் 300 தருவதாகச் சொல்லியிருக்கிறான். மூன்று மாதம் தந்தான். நாலாவது மாதத்துக்கு "அடுத்த வாரம்க்கா" என்று செய்தி வந்தது. நேரில் போய்ப் பார்த்தால் 250 கேட்கலாமா என்று கிராணி அண்ணனிடம் கேட்டேன். உத்தரவு காட்டச் சொல்வான் என்றார்.