ஹாஃப் இன்ஜின் எஸ்டிமேட்டும் அதன்பின் இரண்டு கோடைகளும்

2023 மே மாதம், பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் எங்கள் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் சூடேறி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஜிஎஸ்டியுடன் ₹1,38,000 எஸ்டிமேட் போட்டார்கள். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பிஸ்டன், ரிங்குகள் அடங்கிய கீழ்ப்பாதியான ஹாஃப் இன்ஜினும் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கூலன்ட் குறைந்துகொண்டே போவதையும், தொட்டியில் குமிழிகள் எழுவதையும் ஆதாரமாகக் காட்டினார்கள். இவை கேஸ்கெட் பழுதுக்குரிய அறிகுறிகள்தாம். ஆனால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்பதற்கு இவை சான்றாகா. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "பிரிச்சுப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்றார் அட்வைசர். அப்படியானால் ஹாஃப் இன்ஜின் எஸ்டிமேட்டில் எப்படி ஏறியது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

வண்டியை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தனியார் பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, அழுத்தம் அளக்கும் கேஜை ஒவ்வொரு துளையிலும் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். முதல் இரண்டு சிலிண்டர்களில் 170 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தது. மூன்றிலும் நான்கிலும் 115ஐத் தாண்டவில்லை. அந்த இரண்டிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும்; முள் பழைய அளவைத் தாண்டவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருப்பதால் நடுவில் கேஸ்கெட்தான் எரிந்திருக்க வேண்டும் என்றார். அரை மணி நேர வேலை; ஹாஃப் இன்ஜின் பேச்சு அதோடு முடிந்தது.

ஹெட்டை இறக்கியபோது, மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட மெல்லிய பட்டையில் கேஸ்கெட் கருகி, அந்தத் தடம் பக்கத்து நீர்வழி வரை நீண்டிருந்தது. குமிழிகளுக்குக் காரணம் அதுதான். அலுமினிய ஹெட் சற்றே வளைந்திருந்ததால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து (அடிப்பரப்பைச் சமன்படுத்தி), கேஸ்கெட், ஹெட் போல்ட்டுகள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது ரேடியேட்டர் ஃபேன் மோட்டார். அது சுழலவே இல்லை. ஈசிஆரில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும்; சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது ஃபேனைத் தவிர வேறு வழியில்லை. எஸ்டிமேட்டில் இந்த மோட்டார் இல்லவே இல்லை, புது ஹாஃப் இன்ஜின் போட்டிருந்தாலும் அடுத்த நெரிசலில் அதுவும் வெந்திருக்கும். மொத்தச் செலவு ₹34,000 ஆயிற்று. அன்று பல உதிரிபாகங்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு 18தான் என்பதால் இன்று செய்பவர்களுக்குச் சற்றுக் குறையலாம்.

சர்வீஸ் சென்டர் தன் வேலைக்கு எழுத்துமூல வாரண்டி தருகிறது. பட்டறையில் கைப்பட எழுதிய பில்லும் வாய்வார்த்தையும்தான். அந்த வித்தியாசத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் 2024, 2025 கோடைகளில், கத்திரி வெயிலிலும், டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, கூலன்ட்டும் குறையவில்லை. வால்வு கவர் ஓரத்தில் மட்டும் அண்மையில் லேசான ஆயில் கசிவு தெரிகிறது. அடுத்த ஆயில் சர்வீஸில் அந்த ரப்பர் கேஸ்கெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.