‘குளிரூட்டிய டூலிப்’ விளம்பரம் பார்த்தீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், இன்ஸ்டாகிராமில் டூலிப் விளம்பரங்கள் வரிசை கட்டும். "சென்னை, கோவை, மதுரை, எந்த வெயிலிலும் பூக்கும். குளிரூட்டிய பல்ப். ஒரே மாதத்தில் பூ கேரண்டி." போன வருடம் அப்படி ஒரு பக்கத்தில் 20 கிழங்குக்கு (பல்ப் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்) 1,800 ரூபாய் கொடுத்தேன். ஒரு பூகூட வரவில்லை. இந்த வருடமும் அதே படங்களோடு அந்தப் பக்கம் கடை விரித்திருக்கிறது. பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள். ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் பிரயோஜனம்.

படத்தைப் பார்த்து மயங்கி நான் வாங்கவில்லை. கோவையில் மார்கழி இரவுகூட 18, 19 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. வாரக்கணக்கில் குளிர் கண்டால்தான் பூக்கும் டூலிப்புக்கு அது பத்தவே பத்தாது என்று தெரியும். அதனால் வாட்ஸ்அப்பில் முதலில் கேட்டதே, எத்தனை வாரம் குளிரில் வைத்தீர்கள் என்றுதான். "14 வாரம் கோல்ட் ஸ்டோரேஜ் மேடம். ஹாலந்து மால். வந்ததும் நேரா மண்ணுல வைங்க, அவ்ளோதான்" என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்குச் சரியான எண். ஆள் விவரமானவர்தான், வியாபாரத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற அளவில்.

பார்சலில் வந்தவை படத்தில் இருந்ததில் பாதி அளவு. வலைப் பையில் கட்டி, பழுப்புத் தோல் உரிந்து, ஊருக்குப் போகும் வெங்காய மூட்டையில் ஓரமாகக் கிடந்தது போல இருந்தன. சரி, கிழங்கு கெட்டியாகத்தானே இருக்கிறது என்று மண் கலவையில் நட்டேன். இலை அருமையாக வந்தது. அப்புறம் இரண்டு இலைக்கு நடுவே, மண்ணை ஒட்டியே ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. தண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. சில நாளில் அந்த மொட்டு வெங்காயத் தோல் மாதிரி காய்ந்து, தொட்டால் நொறுங்கியது. எல்லாத் தொட்டியிலும் இதே கதை.

நடாமல் வைத்திருந்த ஒரு கிழங்கைக் கத்தியால் நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு முளை. அதைப் பிரித்தால் இதழும் மகரந்தக் காம்புகளும் கண்ணுக்குத் தெரியும் அளவில் அமைந்திருந்தன. பூ உள்ளேயே இருந்தது. வெளியே வரத்தான் வழியில்லை.

டூலிப்பின் பூர்வீகம் தியான்ஷான், பாமிர் மலைப்பக்கம். அங்கே கோடை காய்ந்து கிடக்கும், குளிர்காலம் நீண்டு பனி மூடும். கோடையில் மண்ணுக்குள் தூங்குவதாகத் தோன்றும் கிழங்கு, அந்த நேரத்தில்தான் அடுத்த பூவை உள்ளே உருவாக்குகிறது. அதன் பிறகு 12 முதல் 16 வாரம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் கிடைக்க வேண்டும். அந்தக் குளிரில்தான் கிழங்கில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், தண்டு நீளத் தயாராகும். குளிர் இல்லையென்றால் இலை வரும், தண்டு நீளாது, மொட்டு உள்ளேயே காயும். என் தொட்டியில் நடந்தது அதுவேதான்.

இப்போது அவர் சொன்ன 14 வாரத்துக்கு வருவோம். ஹாலந்தில் டூலிப் கிழங்கைத் தோண்டி எடுப்பது ஜூன், ஜூலையில். உள்ளே பூ முழுதாக அமைய அதற்குப் பின்னும் சில வாரம் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். எனக்கு அக்டோபர் நடுவில் அனுப்பினார்கள். 14 வாரம் பின்னால் போனால் ஜூலை தொடக்கம். மண்ணிலிருந்து எடுத்த கையோடு குளிரில் போட்டிருந்தால்தான் அந்தக் கணக்கு வரும்; அப்படிப் போட்டிருந்தால் நான் வெட்டிய கிழங்குக்குள் அவ்வளவு முழுதாகப் பூ அமைந்திருக்காது. ஆக, ஐப்பசி பிறந்ததுமே யாராவது "14 வாரம் குளிரூட்டிய புது ஹாலந்து கிழங்கு" என்றால் அது பொய் என்று அங்கேயே முடிவு கட்டலாம். ஒழுங்காகக் குளிரூட்டியது டிசம்பர், ஜனவரி வாக்கில்தான் கைக்கு வரும்.

டெல்லியில் சாணக்யபுரிப் பக்கம் பிப்ரவரியில் டூலிப் பூப்பதைக் காட்டி, "அங்கே வரலையா?" என்று இவர்கள் கேட்பார்கள். அங்கே புது டெல்லி நகராட்சி மன்றம் இறக்குமதி செய்து நடுவது முன்பே குளிரூட்டிய கிழங்கு. டெல்லியின் ஜனவரிக் குளிரும் கைகொடுக்கிறது. ஸ்ரீநகரின் டூலிப் தோட்டத்தில் இலையுதிர்காலத்தில் நட்டுவிட்டால் மீதியைக் குளிர்காலமே பார்த்துக்கொள்ளும், மார்ச் கடைசியில் பூக்கும். ஊட்டியில் உறைபனி விழுகிறதே என்றும் ஒருவர் கேட்டார். இரவில் விழும், பகலில் வெயில் ஏறிவிடும். டூலிப் கேட்பது விடாத குளிர்.

மொட்டின் படத்தை அனுப்பியதும் விற்றவர், "தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு மேடம்" என்றார். தண்ணீர்க் கணக்கைச் சொன்னதும் "நிழல்ல வெச்சிருக்கணும்" என்றார். கோல்ட் ஸ்டோரேஜ் பில் கேட்டதும் "லைவ் பிளான்ட்டுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரு வரி. அதோடு பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். விற்றவரின் பெயர், முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும், யாரோ தனிநபர் பெயரில் போன யுபிஐ ரசீதும். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் முகவரியும் புகார் அலுவலர் விவரமும் காட்ட வேண்டும். பணம் கட்டும் முன் அதைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் கடையை மூடிவிட்டுப் போக அவருக்கு ஒரு நிமிடம் போதும் என்று அர்த்தம்.

இதே ஆட்கள் டூலிப் விதையும் விற்கிறார்கள், அதுவும் நீலத்திலும் வானவில் நிறத்திலும். அசல் நீல டூலிப் உலகத்திலேயே கிடையாது. விதையிலிருந்து பூ பார்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும், அந்த விதை முளைக்கவும் குளிர் வேண்டும். ஜப்பான் செர்ரி கன்றும் பட்டியலில் இருக்கிறது. பெங்களூரில் ‘செர்ரி பிளாசம்’ என்று எல்லோரும் படம் எடுப்பது டபேபுயா மரம், செர்ரியே இல்லை.

அப்படியும் டூலிப் வேண்டும் என்பவர்கள், குளிரூட்டாதது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் குறைந்த விலைக்கு வாங்கி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் காகிதப் பையில் 14 வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவை விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கெடுக்கும். பையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெங்காயம் என்று யாராவது குழம்பில் போட்டால் வயிற்றுக்கு ஆகாது. குளிர் எதுவும் கேட்காமல் மாடியில் பூக்கும் கிழங்கு வேண்டுமென்றால் அமரில்லிஸ் இருக்கிறது, நிலச்சம்பங்கி இருக்கிறது, உள்ளூர் நர்சரியில் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தே வாங்கலாம்.