கோவையிலேயே இருப்பதா, தூத்துக்குடிக்குப் போவதா?

ஜூன் பிறந்தால் கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும், வெயிலே உறைக்காது. தூத்துக்குடியில் அதே மாதம் அனல். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதனால்தான் அங்கே உப்பு விளைகிறது.

அந்த உப்பு வீட்டுக்குள்ளும் வரும். கடலோரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு கேட்டுக்கு இரண்டு வருடம் முன்புதான் பெயின்ட் அடித்தார்கள். போன மாதம் தொட்டபோது துரு செதில் செதிலாக விரலில் ஒட்டியது. வீடு பார்க்கப் போனால் முதலில் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். அப்புறம் தெரு மேடா, தாழ்வா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பல தெருக்களில் தண்ணீர் வடியவே நாளானது.

குடிநீரில் சிறுவாணிக்கு ஈடில்லை. வேலைவாய்ப்பும் கோவையில்தான் அதிகம். துறைமுகம், உப்பு, மீன் ஏற்றுமதி சார்ந்த வேலை என்றால் தூத்துக்குடி முந்தும்.

சரி, நாங்கள்? அப்பாவின் மூட்டுவலிக்கு இங்கத்திய மார்கழிக் குளிர் ஆகவே இல்லை. அக்கா வீட்டு மாடியில் சாயங்காலக் கடல்காற்றில் அவர் தடி இல்லாமல் நடந்ததைப் பார்த்தேன். ஒரு வருடம் வாடகைக்குப் போகிறோம். கோவை வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை.