எடை குறைந்தது அவர்கள் அட்டையில்தான்: 90 நாள் பேக்கேஜில் பணம் கட்டும் முன் படியுங்கள்

போன நவம்பரில் எங்கள் தஞ்சாவூரில் ஒரு எடை குறைப்பு சென்டரில் சேர்ந்தேன். 90 நாளில் 10 கிலோ, குறையாவிட்டால் முழுப் பணம் வாபஸ் என்று வாசலில் போர்டு. கட்டியது 16,500 ரூபாய், பவுடர் டப்பா தனி. பெயர் சொல்லப் போவதில்லை. விசாரித்துப் பார்த்தால் இதே வாய்ப்பாட்டில் இன்னும் சில கடைகள் ஓடுகின்றன.

எனக்கு 44 வயது, உயரம் 156 சென்டிமீட்டர். எடை குறைக்க வேண்டியவள்தான், அதை மறைக்கவில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மகள் வாங்கிப் போட்ட டிஜிட்டல் மெஷின் உண்டு. மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே, மூலையில் அன்றைய எடையையும் கிறுக்கி வைப்பேன். அந்தக் கிறுக்கல் இல்லையென்றால் இன்றைக்கும் அவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

சேர்ந்த அன்று மாலை ஆறரை மணி. மதியம் சாம்பார் சாதம், நாலரைக்குக் காபியும் வடையும் ஆகியிருந்தது. போனதும் "உட்காருங்கக்கா" என்று பெரிய சொம்பில் சீரகத் தண்ணீர். குடித்து முடித்த கையோடு, கட்டியிருந்த காட்டன் புடவையோடு மெஷினில் ஏற்றினார்கள். 78.6. அன்று காலை வெறும் வயிற்றில், நைட்டியோடு என் காலண்டரில் 76.3. கேட்டேன். "வீட்டு மெஷினெல்லாம் அப்படித்தாங்கக்கா, இதுதான் கரெக்ட்" என்றது அந்தப் பெண். மகள் வயசு. சிரித்த முகம்.

அதே மெஷின் என் 'உடல் வயது' 59 என்று வேறு சொன்னது. அந்த எண்ணைக் கண்டுதான் பணத்தைக் கட்டினேன். பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை விட்டு, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, வயது, உயரத்தோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் கணக்கு அது. தண்ணீர் கூடக் குறையக் கொழுப்பு சதவீதமே மாறும். ரத்தப் பரிசோதனை போல நினைத்து நடுங்கியது என் தப்பு.

மறுவாரத்திலிருந்து எடை பார்க்கும் நேரம் காலை ஆறு மணி. காபிகூடக் கூடாது, டி-ஷர்ட்டும் பேன்ட்டும்தான். மெஷினும் தரையிலிருந்து உடற்பயிற்சி மேட் மேலே ஏறியிருந்தது. அதை அன்று நான் கவனித்தேன், யோசிக்கவில்லை. முதல் வாரமே 73.4! ஐந்து கிலோவுக்கு மேல் குறைவு என்று கைதட்டல், வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோ. வீட்டுக் காலண்டரில் அன்று 75.1. குறைந்த அந்த ஒரு கிலோ சொச்சத்திலும் பெரும்பங்கு தண்ணீர்தான். சோற்றைக் குறைத்தால் உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையும், அது பிடித்து வைத்திருக்கும் மூன்று பங்கு தண்ணீரும் கூடவே போகும். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும்.

இரவுப் பொடி ஒன்றும் கொடுத்தார்கள். பொடி எழுத்தில் நிலாவாரை என்று போட்டிருந்தது. பேதிக்குக் கொடுக்கிற சரக்கு! காலையில் நாலு தடவை போய்விட்டு வந்து மெஷினில் ஏறினால் எண் குறையாமல் என்ன செய்யும்? கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன்.

எட்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை. ஆயா மேட்டைக் கழுவி மாடியில் காயப் போட்டிருந்தார். மெஷின் வெறும் டைல்ஸ் தரையில். ஏறினேன், 74.0. வாராவாரம் என் எடையைக் குறித்து வைக்கும் அவர்கள் அட்டையில் முந்தைய வாரம் 72.4. "தண்ணி கோத்திருக்குங்கக்கா, உப்பு ஜாஸ்தி சாப்பிட்டிருப்பீங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் அன்று காலை அங்கேயும் 74.0. ஆக, மெஷின் இரண்டும் நல்ல மெஷின்தான். இந்த மெஷின்களில் எடையை உணர்வது நாலு மூலைக் கால்கள். மெத்தென்ற இடத்தில் வைத்தால் கால் புதைந்து, அடிப்பலகையே மேட்டில் உட்கார்ந்துவிடும். அது தாங்குகிற பாரம் கணக்கில் வராது. அடுத்த வாரம் மேட் திரும்பியது, 72.3. மளிகைக் கடைத் தராசுக்குக்கூட ஆய்வாளர் முத்திரை உண்டு, இதில் ஒன்றையும் காணோம்.

கடைசி நாள் அட்டையில் 72.0, வீட்டில் 73.7. அவர்கள் கணக்கில் 6.6 கிலோ, என் கணக்கில் 2.6. அவர்கள் கணக்கே பத்தைத் தொடவில்லை, பணத்தைக் கொடுங்கள் என்றேன். படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: இரண்டு முறை எடை பார்க்க வரத் தவறினால் உத்தரவாதம் செல்லாது. ஒன்று நாத்தனார் மகன் கல்யாணம், சரி. இன்னொன்று பொங்கல்! கடையைப் பூட்டிப் போனதே அவர்கள். "போன் பண்ணிச் சொல்லியிருந்தா திறந்திருப்போமே மேடம்" என்றார் முதலாளி. அதுவரை அக்கா, அன்றைக்கு மேடம். அடுத்த 90 நாளைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம்.

அட்டையை அவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள், கையில் தரமாட்டார்கள். நல்லவேளை, குரூப்பில் போட வாராவாரம் போட்டோ எடுத்திருந்தேன். சேர்ந்துவிட்டவர்கள் இதையாவது செய்யுங்கள். அட்டையோடு மெஷின் எங்கே இருக்கிறது என்பதும் தெரிகிற மாதிரி எடுங்கள். முதல் எடையைக் காலையில், காபிக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பத்து நாளில் பிரிக்காத இரண்டு டப்பாவின் காசு மட்டும் வந்தது. 16,500-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி மாட்டியவர்கள் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது பவுடர் இல்லை. இரவில் இரண்டு இட்லி, பெரிய கோயிலைச் சுற்றி நடை. இன்று காலைக் கட்டத்தில் பால் ஒன்றரை லிட்டர், மூலையில் 73.1.