வீட்டிலிருந்தே ஓட்டுப் போட ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

2024 மக்களவைத் தேர்தலுக்கு எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதான் ஓட்டுப்பதிவு முடிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 85 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்கும் வசதி இருக்கிறதல்லவா, அதைச் சொல்லி எங்களிடம் 1,800 ரூபாயை ஏமாற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்பத்தாவின் ஓட்டும் போய்விட்டது.

அப்பத்தாவுக்கு 87 வயது. 21 வயது ஆனால்தான் ஓட்டு என்றிருந்த காலத்தில், 1962-ல் முதல் ஓட்டுப் போட்டவர். அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இந்த முறை மார்ச்சில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பிஎல்ஓ), வீட்டிலிருந்து தபால் ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் படிவம் 12டி-யோடு வீட்டுக்கு வந்து, பூட்டியிருந்ததால் திரும்பிப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னார். மனுத்தாக்கல் அறிவிப்பு மார்ச் 20. அதிலிருந்து ஐந்து நாளுக்குள், அதாவது 25-ஆம் தேதிக்குள், அந்தப் படிவம் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். நாங்கள் ஊர் திரும்பியது 23-ஆம் தேதி, சனிக்கிழமை.

எங்கள் ஊரில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பட்டா, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் எல்லாம் போட்டுத் தரும் ஆன்லைன் கடை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். என் பையனின் சாதிச் சான்றிதழுக்கு அங்கேதான் விண்ணப்பித்தோம், ஒழுங்காக வந்தது. அந்த நம்பிக்கையில்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அக்கா, கவலையே படாதீங்க. பிஎல்ஓ இனிமே வர மாட்டாங்க. நான் உள்ள ஆளை வெச்சு திங்கட்கிழமைக்குள்ள ஏத்திடுறேன். பெட்டி உங்க வீட்டு வாசலுக்கே வரும்" என்றார். 1,800 ரூபாய் கேட்டார். எதற்கு இவ்வளவு என்றதற்கு, "தேர்தல் வேலைக்கா, அவசரம்" என்றார். வாக்காளர் அட்டை நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ வாங்கிக்கொண்டார். வெற்றுப் படிவம் ஒன்றில் அப்பத்தாவின் கைநாட்டு வாங்கிவரச் சொன்னார். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம்பர் போட்ட ஒரு தாளை அச்செடுத்து, "இதான் ரசீது, பத்திரம்" என்று என் கையில் கொடுத்தார். அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பின்தெருவில் ஒரு தாத்தாவின் வீட்டுக்கு வண்டி வந்தது. இரண்டு அலுவலர்கள், வீடியோ எடுப்பவர், ஒரு போலீஸ்காரர். திண்ணையில் அட்டை மறைப்பு வைத்து, அவர் ஓட்டுச்சீட்டில் குறித்து, கவரில் போட்டு, ஒட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தேன். சர்வர் மெதுவாக இருக்கிறது என்றார். அடுத்த தடவை, லிஸ்ட் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது என்றார். அப்புறம், தெருத் தெருவாகத்தான் வருவார்கள், நாளைக்கு உங்கள் முறை என்றார். அதற்கு மேல் போனை எடுக்கவில்லை. நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் வெளிய போயிருக்காரு" என்றான். உள்ளறையில் அவர் பேசும் குரல் எனக்குக் கேட்டது.

கடைசியில் வாக்குச்சாவடி நிலை அலுவலரையே தேடிப் போனேன். பாவம், ஒரு டீச்சர். பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க பாட்டி பேர்ல 12டி வரவே இல்லையேம்மா" என்றார். பீரோவில் வைத்திருந்த தாளைக் காட்டினேன். அது படிவம் 8-க்கான நம்பர். முகவரி, பெயர் திருத்தம் செய்யும் படிவம்! தபால் ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாலையைக் கடந்து எதிரே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அதற்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அதையும் செய்யவில்லை.

கடையில் போய்ச் சத்தம் போட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் எரிகிறது. "ஓட்டு அன்னிக்கு ஒரு ஆட்டோவும் பையனும் அனுப்புறேன், 500 கொடுங்க. பையனே உள்ள போய் பட்டனை அமுக்கிடுவான். காலையிலேர்ந்து நாலஞ்சு பாட்டிகளுக்கு அவன்தான் போகப்போறான்." இது சுத்தமாக விதிக்கு எதிரானது. கண் தெரியாதவரோ இயலாதவரோ 18 வயது நிரம்பிய துணை ஒருவரைக் கூட்டிப் போகலாம், உண்மை. ஆனால் ஒரு ஆள் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாகப் போக முடியும். ஓட்டை ரகசியமாக வைப்பேன், வேறு யாருக்கும் இன்று துணை போகவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். பணத்துக்கு ஆள் அனுப்பி நம் வீட்டுப் பெரியவர்களின் ஓட்டை யாரோ ஒருவன் கையில் கொடுப்பதா?

அப்பத்தாவை உட்கார வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வாக்குச்சாவடிக்குத் தூக்கிப்போகவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து, "பெட்டி வந்துருச்சாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், "அப்ளை பண்ணின சார்ஜ் போச்சுக்கா" என்கிறார். எந்தச் சார்ஜ்? படிவம் 12டி-க்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். 12டி-யை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தேர்தல் அதிகாரி அலுவலகத்திலோ நீங்களே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்தத் தாளில் 12டி என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். 12டி ஏற்கப்பட்டுவிட்டால் வாக்குச்சாவடியில் போட முடியாது, அதனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனச் சான்று இருந்தால் வயது குறைவாக இருந்தாலும் இந்த வசதி உண்டு. யாராவது பணம் கேட்டால் தேர்தல் உதவி எண் 1950-க்கு உடனே கூப்பிடுங்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த நம்பர் போட்ட தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன், சேர்ந்தே கொடுக்கலாம்.